எங்கள் ஞாயிறு வகுப்புக்கு எந்த ஓப்பன் சோர்ஸ் குழு?

சேலம் அம்மாப்பேட்டையில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் வார நாட்களில் டைப்பிங், டேலி, கொஞ்சம் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்புக்கு மட்டும் கட்டணம் கிடையாது. கல்லூரியில் படிப்பவர்களும் படித்து முடித்தவர்களுமாக இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். யாரும் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் விடுகிற கட்டற்ற மென்பொருள் (ஓப்பன் சோர்ஸ்) உலகில் ஏதாவது ஒரு குழுவோடு சேர்ந்து, நாலு பேருக்குப் பயன்படுகிற வேலை ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த வகுப்பு.

எந்தக் குழு என்பதைப் போன வருஷம் அவரவர் விருப்பத்துக்கு விட்டேன். ஏழு பேர் ஏழு பக்கம் போனார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேர்தான் மிச்சம். விலகிய ஐந்து பேரில் யாரும் திறமை குறைந்தவர்கள் இல்லை. சிலருக்குப் பதிலே வரவில்லை. சிலருக்கு வந்த பதில் புரியவில்லை. ஒரு பெண்ணுக்கு நல்ல பதிலே வந்திருந்தது. அதை நிராகரிப்பு என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டு, அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. அதனால் இந்த வருஷம் ஒன்பது பேரையும் ஒரே இடத்தில் தொடங்கவைப்பது என்று தீர்மானித்து, நான்கு வழிகளை மூன்று மாதமாகப் பார்த்தேன். சிலவற்றை நானே செய்து பார்த்தேன், சிலவற்றைப் பிள்ளைகள் பட்ட அனுபவத்திலிருந்து தெரிந்துகொண்டேன். வேறு ஊரில் இதே கேள்வியோடு ஒரு ஆசிரியரோ மாணவரோ இருந்தால் அவருக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்டரில் ஆறு பழைய டெஸ்க்டாப், எல்லாம் 4 ஜிபி ரேம். மூன்று பேரிடம் சொந்த லேப்டாப் உண்டு. ஒன்பது பேரிடமும் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. ஏற்காட்டில் நாகலூரிலிருந்து ஒரு பையன் மலை இறங்கி வருகிறான். அவன் வீட்டில் சிக்னல் வந்தால் வரும், போனால் போகும். இங்கிலீஷ் படித்தால் எல்லோருக்கும் புரியும், எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது அல்லது வெள்ளிப் பட்டறை வேலை நடக்கிறது. “இதுக்கு சம்பளம் உண்டா?” என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

எந்தக் குழுவின் முகப்புக்குப் போனாலும் ‘புதியவர்களே வருக’ என்று போட்டிருப்பார்கள். நன்னடத்தை விதிகளும் இருக்கும். 2014இல் எழுதப்பட்ட ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற மாதிரி விதியைப் பல திட்டங்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழுவும் 2018 செப்டம்பரில் அதற்கு வந்தது. அதே நாட்களில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தான் இத்தனை காலம் கடுமையாகப் பேசியதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கி நின்றார். விதிகள் வேண்டும்தான், அவை இல்லாத இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன். ஆனால் நான்கு வழிகளுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் அந்தப் பலகையில் தெரியாது. இரண்டு விஷயத்தில் தெரியும். புதிதாக வந்தவர் முதல் தப்பைச் செய்யும்போது அங்கே என்ன நடக்கிறது? வருகிறவர் கையில், அந்தக் குழுவிடம் இல்லாத ஏதாவது இருக்கிறதா?

இரண்டாவது கேள்வியை நான் தாமதமாகத்தான் கேட்டுக்கொண்டேன். இப்போது அதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

கிட்ஹப்பில் ஒரு சின்ன திட்டம்

கிட்ஹப் என்பது பலரும் தங்கள் நிரலைப் பொதுவில் வைத்துச் சேர்ந்து வேலை செய்கிற இணையதளம். காலேஜில் சீனியர்கள் எல்லோரும் காட்டுகிற வழி இது. ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (புதியவர் தொடங்க ஏற்ற வேலை) என்று பச்சையோ ஊதாவோ ஒரு லேபிள் ஒட்டியிருக்கும் வேலையைத் தேடு, திருத்து, ‘என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்கிற புல் ரெக்வெஸ்ட் போடு. செலவு இல்லை, பழைய மிஷினே போதும், வேலைக்குப் போகும்போது ரெஸ்யூமில் காட்டலாம்.

சூரமங்கலத்துப் பையன் ஒருவன் போன வருஷம் இப்படித்தான் போனான். ஜாவாஸ்கிரிப்ட் நன்றாக வரும். ஒரு சின்ன லைப்ரரியின் (மற்ற நிரல்களில் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) கையேட்டில் இருந்த உதாரணம் ஓடவில்லை என்று கண்டுபிடித்து, சரி செய்து அனுப்பினான். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, பதில் இல்லை. தினமும் காலையில் மெயிலைத் திறந்து பார்ப்பான். நாற்பது நாள் கழித்து ஒரு பதில் வந்தது: இதில் நடவடிக்கை எதுவும் இல்லாததால் மூடப்படுகிறது. “என்னை வேண்டாம்னு சொல்லிட்டாங்க அக்கா” என்றான். அதை எழுதியது மனிதர் இல்லை, நாள் கணக்குப் பார்த்துத் தானாக மூடுகிற பாட் என்பதே அவனுக்குத் தெரியாது. அவன் எழுதியதை ஒரு மனிதர்கூடப் படிக்கவில்லை என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. விளக்கியபோது அவன் முகம் இன்னும் வாடியது.

திட்டங்களைப் பராமரிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. பல திட்டங்களை ஒருவரோ இருவரோ பகல் வேலை முடித்துவிட்டு ராத்திரியில் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் பட்ட பாடும் உண்டு. டிஜிட்டல்ஓஷன் என்ற நிறுவனம் 2014இல் தொடங்கிய ஹேக்டோபர்ஃபெஸ்ட் நினைவிருக்கும். அக்டோபர் மாதத்தில் இத்தனை புல் ரெக்வெஸ்ட் போட்டால் டி-ஷர்ட் என்றார்கள். 2020இல் டி-ஷர்ட்டுக்காக ஒரு சொல்லை மாற்றி, ஒரு காற்புள்ளியைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் குப்பை வந்து குவிந்தது. ‘எங்கள் திட்டம் இதில் சேர்கிறது’ என்று பராமரிப்பாளர் தானே சொன்னால்தான் கணக்கில் வரும் என்று அந்த மாதமே விதியை மாற்ற வேண்டி வந்தது. அந்தக் காய்ச்சலில் அடிபட்டவர்கள், புதுப் பெயர் ஒன்றைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளி நிற்பது இயற்கை.

நம் பிள்ளைகளிடமும் ஒரு பழக்கம் இருக்கிறது. லேபிள் ஒட்டிய வேலையைப் பார்த்ததும் ‘ப்ளீஸ் அசைன் மீ’ என்று எழுதிவிட்டுக் காத்திருப்பது. வகுப்பில் கையைத் தூக்கி அனுமதி கேட்டுப் பழகியதால் வருவது அது. பல திட்டங்களில் அப்படி ஒப்படைக்கும் வழக்கமே கிடையாது. செய்ய நினைப்பவர் செய்து அனுப்பலாம். ஒரே வேலையின் கீழே ஏழு பேர் ‘அசைன் மீ’ என்று வரிசையில் நிற்பதைப் பார்த்தால், அங்கே யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம்.

இந்த வழியில் போவதென்றால், போவதற்கு முன் ஒரு அரைமணி நேரம் செலவழியுங்கள். அந்தத் திட்டத்தில் மூடப்பட்ட புல் ரெக்வெஸ்ட்களில் கடைசி இருபதைத் திறந்து பாருங்கள். முதல் பதில் எத்தனை நாளில் வந்தது, அதை எழுதியது மனிதரா பாட்டா, ஏற்காததற்குக் காரணம் சொன்னார்களா என்று பார்த்தாலே அந்த வீட்டின் பழக்கம் தெரிந்துவிடும். கடைசியாக எதையாவது மெர்ஜ் செய்து (திட்டத்தில் சேர்த்து) ஆறு மாதம் ஆகியிருந்தால் விட்டுவிடலாம்.

ஒன்பது பேரை மொத்தமாக அனுப்ப இது சரியான வழி இல்லை. நல்ல திட்டம் கிடைத்தால் அருமையாக இருக்கும், ஆனால் கிடைப்பது அதிர்ஷ்டம். அதோடு, எழுத்துப்பிழையைத் திருத்துகிற வேலையைச் செய்ய உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சேலத்துப் பையன் வந்ததால் அந்தத் திட்டத்துக்கு எதுவும் கூடவில்லை.

லிப்ரெஆபிஸ்

கடிதம், கணக்குத் தாள் எல்லாம் தயாரிக்கிற இலவச ஆபிஸ் மென்பொருள் இது. 2010இல் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்து வந்த குழு உருவாக்குகிறது. புதியவர்களை வரவேற்பதை யோசித்துச் செய்கிறவர்களில் முதல் வரிசையில் இவர்களை வைப்பேன். ‘ஈஸி ஹேக்’ என்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு கடினம், எந்த நிரல் மொழி தெரிய வேண்டும் என்று குறித்திருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது, நிரலில் எந்த இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று கோப்பின் பெயரோடு வழி சொல்லியிருப்பது. லட்சக்கணக்கான வரிகளுக்கு நடுவே எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் ஓடிப்போகிறார்கள். புதிய டெவலப்பர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே அவர்களுடைய அறக்கட்டளை சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறது. தன்னார்வலரின் ஓய்வு நேரத்தை நம்பி நிற்க வேண்டியதில்லை என்பது பெரிய விஷயம்.

ஆரம்ப காலத்து ஈஸி ஹேக்குகளில் ஒன்றை வகுப்பில் அடிக்கடி சொல்வேன். இந்த மென்பொருளின் மூதாதை ஜெர்மனியில் பிறந்த ஸ்டார்ஆபிஸ். அதனால் நிரலுக்கு நடுவே இருந்த குறிப்புகள் ஏராளமாக ஜெர்மன் மொழியில் கிடந்தன. அவற்றை இங்கிலீஷுக்கு மாற்றுவதையே புதியவர்களுக்கான வேலையாக வைத்தார்கள். சி பிளஸ் பிளஸ் முழுசாகத் தெரியாத, ஆனால் ஜெர்மன் தெரிந்த ஒருவர் முதல் நாளே உள்ளே வந்து உருப்படியாக ஒன்றைச் செய்துவிட்டுப் போகலாம். வருகிறவரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து வேலையைப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள்.

நல்ல பதில் வந்தும் திரும்பிப் போன பெண் போனது இங்கேதான். கல்லூரி லேபில் ஒரு நல்ல மிஷின் கிடைத்ததால் அதில் கம்பைல் செய்து (நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றி), சின்னதாக ஒரு திருத்தம் அனுப்பினாள். இவர்கள் நிரலைச் சரிபார்க்கப் பயன்படுத்துவது கெரிட். அதில் பார்ப்பவர்கள் எண் போடுவார்கள். அவளுக்கு வந்தது ‘-1’. கூடவே மரியாதையாக மூன்று வரி: திருத்தம் சரிதான், இந்த வரியை மட்டும் இப்படி மாற்றி மறுபடி அனுப்புங்கள். அவள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவள். தப்பு விடைக்கு மார்க் கழிக்கிற பரீட்சையில் பழகிய கண்ணுக்கு அந்த ‘-1’ மட்டும்தான் தெரிந்தது. கெரிட்டில் அதற்கு ‘இப்படியே சேர்க்க வேண்டாம், திருத்திக் கொண்டுவா’ என்றுதான் பொருள். தேர்ந்தவர்கள் அனுப்புவதற்கும் அது விழும், அவர்கள் மறுபடி அனுப்புவார்கள், அது ‘+2’ ஆகி உள்ளே போகும். இதை முன்கூட்டியே அவளிடம் சொல்லாமல் விட்டது என் தவறு. இந்த வருஷம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு இடைஞ்சல் மிஷின்தான். முழு மென்பொருளையும் முதல் தடவை கம்பைல் செய்ய நல்ல மிஷினுக்கே மணிக்கணக்கில் ஆகும். எங்கள் 4 ஜிபி டெஸ்க்டாப் அதற்குத் தாங்காது. ஆனால் நிரல் எழுதாமலே செய்யக்கூடிய வேலை ஒன்று அங்கே எப்போதும் காத்திருக்கிறது. உலகம் முழுக்கப் பயனர்கள் சொல்லும் குறைகள் பக்ஸில்லா என்ற குறைப் பதிவேட்டில் ‘உறுதி செய்யப்படாதவை’ என்று வரிசையில் நிற்கும். புதிய பதிப்பை இறக்கி, அந்தக் குறை நம் மிஷினிலும் வருகிறதா என்று பார்த்து, வருகிறது அல்லது வரவில்லை என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். தமிழ் எழுத்து உடைவது, கொம்பு இடம் மாறுவது, பிடிஎஃப் ஆக மாற்றினால் தேட முடியாமல் போவது மாதிரியான குறைகளைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர்தான் சரியாகப் பார்த்துச் சொல்ல முடியும். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வந்து கால் பின்னால் வர வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு வழியும் இருக்கிறது. லிப்ரெஆபிஸில் மட்டுமல்ல, எல்லாப் பெரிய திட்டங்களிலும். பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் சின்ன மொழிக் குழுக்களில் பரிந்துரையைச் சரிபார்த்து ஏற்க ஆள் குறைவு. எங்கள் மாணவி ஒருத்தி வேறொரு திட்டத்தில் அறுபது சொற்றொடர் மொழிபெயர்த்துக் கொடுத்தாள். மாதங்கள் ஆகியும் அவை பரிந்துரையாகவே நிற்கின்றன. அதனால் புதியவருக்கு இதை முதல் வேலையாகத் தர நான் தயங்குகிறேன்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்

இது மென்பொருள் இல்லையே, வரைபடம்தானே என்று கேட்பீர்கள். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது, விக்கிபீடியா மாதிரி எல்லோரும் சேர்ந்து வரையும் உலக வரைபடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எந்தெந்தத் தெரு மூழ்கியிருக்கிறது என்று மக்களே குறித்த வரைபடம் இதன் மேல்தான் எழுந்தது. தரவுதான், ஆனால் அதை வரையும் கருவிகள் எல்லாமே ஓப்பன் சோர்ஸ். வேலை செய்யும் முறையும் அதே முறை: மாற்றத்தைச் சேமித்தால் அது ஒரு தொகுப்பாகப் பதிவாகும், என்ன செய்தோம் ஏன் செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும், யார் வேண்டுமானாலும் அதன் கீழே கருத்துச் சொல்லலாம், தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திருப்பலாம். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில் கமிட் (ஒரு பதிவு) போடுவதற்கு முன் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பிரவுசரிலேயே வரைகிற ஐடி என்ற எடிட்டரைத் திறந்தால் முதலில் ஒரு பயிற்சி நடத்திக் காட்டும். பயிற்சிக்கென்று வைத்திருக்கும் ஊர் வரைபடத்தில் நாம் கோடு போட்டுப் பழகலாம், எதுவும் கெட்டுப்போகாது. உண்மையான வரைபடத்தில் சேமிக்கும் நேரத்தில் ஒரு சின்னக் கட்டம் வரும்: ‘என் மாற்றத்தை யாராவது சரிபார்க்க விரும்புகிறேன்’. அதை டிக் செய்தால், அந்தப் பகுதியைக் கவனித்து வருகிற அனுபவசாலிகள் கண்ணில் படும். ஒரு குழு புதியவருக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இந்தக் கட்டத்தை மிக உயர்வாக மதிக்கிறேன். உதவி கேட்க இங்கிலீஷில் பத்து வரி எழுத வேண்டியதில்லை, கூச்சப்பட வேண்டியதில்லை, ஒரு டிக் போதும்.

நாகலூர்ப் பையன் கதையைச் சொல்கிறேன். சாட்டிலைட் படத்தை வைத்து அவன் ஊர்ப்பக்கத்துச் சாலைகளை வரைந்தான். சேர்வராயன் மலையில் காபி நிழலில் வளர்வது. சில்வர் ஓக் மரம் நெடுநெடுவென்று நிற்கும், அதன் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் பச்சைக் கூரைதான் தெரியும், கீழே ஓடும் சாலை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் தலைகாட்டும். அவன் இரண்டு துண்டுகளைப் பார்த்தான், நடுவே ஊகித்துக் கோடு இழுத்தான், சாதாரண ஊர்ச்சாலை என்று குறித்துச் சேமித்துவிட்டான். கட்டத்தில் டிக் போட்டிருந்தான்.

இரண்டு நாளில் ஒரு கருத்து வந்தது. யாரோ நமக்குத் தெரியாத ஒருவர். முதல் வரியில் நல்வரவு சொல்லி, வளைவுகளை நன்றாகத் தொடர்ந்திருப்பதாகப் பாராட்டியிருந்தார். அடுத்து இரண்டு கேள்வி: மரங்கள் மறைக்கிற இந்த இடத்தில் சாலை போவதை நேரில் பார்த்தீர்களா? இது எஸ்டேட்டுக்குள் போவது போலத் தெரிகிறது, கேட் இருக்குமா? தப்பு என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. தானே திருத்தவும் இல்லை, அவருக்கு அது ஒரு நிமிஷ வேலையாக இருந்தும்.

“அக்கா, நான் தப்புப் பண்ணிட்டனுங்களா?” என்று கேட்டான். “அவருக்குத் தெரியாததை உன்கிட்ட கேக்கறாரு கண்ணு, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு” என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவோடு வண்டியில் போயிருக்கிறான். கேட் இருந்தது, பூட்டியிருந்தது. வாட்ச்மேனிடம் கேட்டால், சாலை அந்தப் பக்கம் வெளியே வருவதே இல்லையாம். காபிப் பழம் உரிக்கும் கொட்டகையோடு நின்றுவிடுகிறதாம். திரும்பி வந்து கோட்டை வெட்டினான், எஸ்டேட் வழி, தனியார் அனுமதி என்று மாற்றினான், கேட்டுக்கு ஒரு புள்ளி வைத்தான். கீழே இங்கிலீஷில் நான்கு வரி பதில் எழுதினான். எழுதச் சொன்னால் கை நின்றுவிடும் என்றேனே, அந்தப் பையன்தான். பார்த்ததைத்தானே எழுத வேண்டும், அதனால் கை நிற்கவில்லை.

மே மாதக் கோடை விழாவுக்கு வெளியூர்க் கார்கள் எத்தனை மேலே வருகின்றன என்று ஏற்காட்டுக்காரர்களுக்குத் தெரியும். அவன் போட்ட பழைய கோடு அப்படியே இருந்திருந்தால், குறுக்குவழி என்று நம்பி யாராவது ராத்திரியில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் போய் நின்றிருப்பார்கள். எதற்காகக் கேள்வி கேட்டார்கள் என்பது அவனுக்குச் சொல்லாமலே புரிந்தது.

இதே விஷயம் தமிழ்ப் பெயர்களிலும் இருக்கிறது. வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் தமிழ்ப் பெயரைத் தனிப் பட்டியில் சேர்க்கலாம். ‘ஷேவாபெட்’ என்று இங்கிலீஷில் எழுதியிருப்பதை எழுத்துப்பெயர்ப்புக் கருவியிடம் கொடுத்தால் ஷேவாபெட் என்றே தரும். அது செவ்வாய்ப்பேட்டை என்று தெரிய இந்த ஊரில் சந்தைக்குப் போயிருக்க வேண்டும். ‘ஷெவராய்’ என்பது சேர்வராயன் என்பதும் அப்படித்தான். அம்மாப்பேட்டைப் பெண் ஒருத்தி தன் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு, தறிக்காரத் தெருக்களின் பெயரைப் பழைய உச்சரிப்பில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். இருபது வருஷம் வரைபடம் வரைந்த ஜெர்மன்காரருக்கு இது முடியாது. முதல் நாள் வந்த இவளுக்கு முடியும். நான் சொன்ன இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். இங்கே சரிபார்த்த பிறகு சேர்ப்பது என்ற ஏற்பாடு கிடையாது. சேமித்ததுமே உலக வரைபடம் மாறிவிடும். ஒரு வகுப்பே உட்கார்ந்து ஒரே நாளில் தப்புத் தப்பாக வரைந்தால், திருத்துவது யாரோ முகம் தெரியாதவர் தலையில் விழும். பல நாடுகளில் அப்படி நடந்துதான், குழுவாக வரைபவர்களுக்கென்று 2018இல் வழிகாட்டு நெறிகள் வகுத்தார்கள்: யார் நடத்துகிறார்கள், என்ன வரையப் போகிறார்கள், எப்படித் தொடர்புகொள்வது என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், மாற்றங்களில் பொதுவான ஒரு ஹேஷ்டேக் போட வேண்டும். எங்கள் ஞாயிறு வகுப்பும் அதில் அடங்கும். கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயர் எடுத்து எழுதவே கூடாது என்பதையும் முதல் நாளிலிருந்து சொல்ல வேண்டும். அது உரிமை மீறல். பிள்ளைகள் கை தானாக அங்கேதான் போகும்.

சிக்னல் பிரச்சினைக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு ஆப் கைகொடுக்கிறது. பகுதியை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால், நடக்க நடக்க ‘இந்தச் சாலை தாரா மண்ணா’, ‘இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்’ என்று கேட்கும். பதிலைத் தட்டிக்கொண்டே போய், கீழே வந்ததும் ஏற்றிவிடலாம்.

பணம் தரும் வழிகள்

வீட்டில் கேட்கிற சம்பளக் கேள்விக்கு வருகிறேன். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் வேலை செய்ய உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005இலிருந்து நடக்கிறது. முன்பு மாணவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, 2022இலிருந்து 18 வயது நிறைந்த, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். வேலை 90, 175 அல்லது 350 மணி நேரம். உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறும். அவுட்ரீச்சி என்பதும் அதே மாதிரி ஒரு பயிற்சித் திட்டம்: வருஷத்துக்கு இரண்டு முறை, மூன்று மாதப் பயிற்சி, 7,000 டாலர், அதாவது ஏறக்குறைய ஆறு லட்சம் ரூபாய். தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கப்பட்டு வந்தவர்களுக்காகவே அதை உருவாக்கினார்கள். தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அதன் வாசல் திறந்தே இருக்கிறது. இரண்டிலும் உங்களுக்கென்று பெயர் சொல்லி ஒரு வழிகாட்டி இருப்பார். பதில் வராதோ என்ற பயம் இல்லை. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் இதை முதல் வழியாக எடுக்க முடியாது. அவுட்ரீச்சியில் தேர்வுக்கு முன்பே ஏறத்தாழ ஒரு மாதம் அந்தத் திட்டத்தில் வேலை செய்து காட்ட வேண்டும், தேர்வானால் வாரம் 30 மணி நேரம் ஒதுக்க வேண்டும். கல்லூரி நாட்காட்டியோடு அது மோதும். படிப்பை முடித்தவர்களுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம். வரைபடத்தில் செய்த ஒரு வருஷ வேலை அந்த விண்ணப்பத்தில் கனமாகவே நிற்கும்.

தமிழில் கேட்க ஆட்கள்

எந்த வழியில் போனாலும் சந்தேகத்தைத் தமிழில் கேட்க ஒரு இடம் இருந்தால் பிள்ளைகள் நிலைப்பார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998இலிருந்து இயங்குகிறது. கணியம் என்ற இணைய இதழ் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பாடங்களைத் தமிழில் தருகிறது. விழுப்புரம் குழு கிராமத்து மாணவர்களுக்கு நேரில் சொல்லிக்கொடுக்கிறது, காஞ்சிபுரம் குழு இணையவழியில் தமிழில் கூடிப் பேசுகிறது. இவர்களை ஐந்தாவது வழியாக நான் எண்ணவில்லை. நான்கில் எதில் போனாலும் கூட வரும் துணை இவர்கள்.

கேட்கும் முறையை மட்டும் வகுப்பில் பழக்குகிறேன். ‘சார், வேலை செய்யல, ஹெல்ப் பண்ணுங்க’ என்று எழுதினால் எவ்வளவு நல்ல மனிதராலும் உதவ முடியாது. அப்படி எழுதிய மாணவி ஒருத்தி அடுத்த வாரம் மாற்றி எழுதியது: ‘உபுண்டுவில் லிப்ரெஆபிஸ் ரைட்டர் திறந்து, இந்தப் பத்தியைத் தமிழில் அடித்து, பிடிஎஃப் ஆக மாற்றினேன். ‘கொலுசு’ என்று தேடினால் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. கோப்பை இணைத்திருக்கிறேன்.’ இதற்கு ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. ‘மரியாதைக்குரிய ஐயா’ என்று தொடங்கவும் தேவையில்லை. அங்கே எல்லோரும் பெயர் சொல்லித்தான் பேசுகிறார்கள். முதலில் கூச்சமாக இருக்கும், பழகிவிடும்.

என் முடிவு

ஒன்பது பேரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தொடங்குகிறார்கள், பத்து வாரம். அதற்குள் யாரோடாவது இரண்டு முறையாவது பேச்சுவார்த்தை நடந்திருக்க வேண்டும்: ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும், ஒரு திருத்தத்தை ஏற்றிருக்க வேண்டும். எத்தனை தெரு வரைந்தார்கள் என்று எண்ணப் போவதில்லை. அப்புறம் விருப்பப்பட்டவர்கள் லிப்ரெஆபிஸில் தமிழ்க் குறைகளைச் சோதிக்கப் போவார்கள். போன வருஷம் ‘-1’ பார்த்துத் திரும்பிய பெண், தானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பத்து வாரத்துக்குப் பிறகு சூரமங்கலத்துப் பையனுக்கு மட்டும் விதிவிலக்கு. ஐடி எடிட்டரே ஜாவாஸ்கிரிப்டில் எழுதியதுதான். பத்து வாரம் அதில் வரைந்துவிட்டு, தன்னை இடறவிட்ட ஏதாவது ஒன்றை அதன் நிரலிலேயே தேடிப் பார்க்கிறேன் என்கிறான். இந்தத் தடவை அனுப்புவதற்கு முன் மூடப்பட்ட இருபது புல் ரெக்வெஸ்ட்டைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவேன் என்று அவனே சொன்னான்.

வருகிற ஞாயிறு வகுப்பு சென்டரில் இல்லை, மலையில். அடிவாரத்தில் எட்டு மணிக்குக் கூடுகிறோம். போனில் பகுதியை முன்தினமே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு நோட்டு, ஒரு பேனா, தண்ணீர். நாகலூரில் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம், குடிநீர்க் குழாய் எல்லாம் இன்னும் குறிக்காமல் கிடக்கின்றன. வழிகாட்டுவது அந்தப் பையன். எந்தக் கேட்டுக்குள் போகலாம், எதற்குள் கூடாது என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறான்.